ஷட்டில் பேட் ஒத்துவரவில்லையா? புதியது வாங்கும் முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

"அண்ணா, இந்த பேட்ல அடியே போக மாட்டேங்குது. வேற எது வாங்கலாம்?"

கட்டிங் போட, அதாவது புது ஸ்ட்ரிங் கட்ட, என்னிடம் பேட் கொண்டுவருபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். நான் உடனே எந்த பேட்டின் பெயரையும் சொல்வதில்லை. பேட்டை வாங்கி ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பார்ப்பேன், கிரிப்பைப் பிடித்துப் பார்ப்பேன், எந்த காக்கில் (ஷட்டில்காக்) ஆடுகிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் கோளாறு காக்கிலோ ஸ்ட்ரிங்கிலோ கிரிப்பிலோதான் இருக்கும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய குறைக்கு ஏழாயிரம், எட்டாயிரம் கொடுத்து புது பேட் வாங்கி, அதே குறையோடு மறுபடியும் வந்து நிற்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நாலைந்து நாள் ஆடிப் பாருங்கள். ஸ்ட்ரிங், கிரிப், பேட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

## தொடங்கும் முன்: கையில் இருக்கும் பேட்டைப் படியுங்கள்

கைப்பிடிக்கு மேலே கூம்பு போல இருக்கும் கோனிலோ, கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டான ஷாஃப்டின் அடியிலோ சின்ன எழுத்தில் விவரம் இருக்கும். யோனெக்ஸ் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, 5யூ என்றால் 75 முதல் 79. இது ஸ்ட்ரிங் போடாத எடை. பக்கத்தில் ஜி4, ஜி5, ஜி6 என்று இருப்பது கைப்பிடியின் பருமன். யோனெக்ஸில் எண் கூடக் கூடக் கைப்பிடி மெலியும். எல்லா கம்பெனிக்கும் இதே கணக்கு கிடையாது. மூன்றாவதாக 20–28 பவுண்டு என்பது போல டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்) வரம்பு இருக்கும்.

அடுத்து பேலன்ஸ். ஸ்ட்ரிங், ஓவர்கிரிப் (கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய பட்டை) எல்லாம் இருக்கிற நிலையிலேயே ஷாஃப்டை ஆள்காட்டி விரல் மேல் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். 290 மி.மீ.க்குக் கீழே என்றால் ஹெட் லைட் (தலை லேசு), 290 முதல் 300 வரை ஈவன் (சமம்), 300க்கு மேலே ஹெட் ஹெவி (தலை கனம்) என்று நான் வைத்துக்கொள்கிறேன். கம்பெனிகள் சொல்லும் அளவு ஸ்ட்ரிங் இல்லாத பேட்டுக்கு. ஸ்ட்ரிங் போட்டால் பேலன்ஸ் தலைப்பக்கம் சுமார் 10 மி.மீ. நகரும், ஓவர்கிரிப் சுற்றினால் கிட்டத்தட்ட அவ்வளவே திரும்பி வரும்.

ஷாஃப்ட் வளைகிறதா என்பதற்கு, ஒரு கையில் கைப்பிடியையும் மறு கையில் ஃபிரேமின் (ஸ்ட்ரிங் கட்டியிருக்கும் வளையம்) உச்சியையும் பிடித்து மெதுவாக வளையுங்கள். தனியாக இதைச் செய்தால் ஒன்றும் தெரியாது. கோர்ட்டில் நாலு பேர் பேட்டை வாங்கி அடுத்தடுத்து வளைத்துப் பாருங்கள். உங்களுடையது எந்த வரிசையில் நிற்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

கையில் இருப்பது ஜோடியாக விற்கும் அலுமினிய ஃபிரேம், ஸ்டீல் ஷாஃப்ட் பேட் என்றால், அதற்கு நல்ல ஸ்ட்ரிங் போட்டுச் செலவழிக்க வேண்டாம். வாரம் மூன்று நாளாவது ஆடுகிறீர்கள் என்றால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போகலாம். பேட்டை மாற்றுவதே முதல் வேலையாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

## அறிகுறி: டாஸ் பின்கோடு வரை போகவில்லை

### எல்லோருக்கும் குறைகிறதா, உங்களுக்கு மட்டுமா?

டாஸ் என்பது காக்கை உயரமாகத் தூக்கி எதிர்ப்பக்கப் பின்கோடு வரை அனுப்பும் அடி. அது குறைந்தால் முதல் சந்தேகம் காக் மேல். பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு பலத்தோடு, பக்கக் கோட்டுக்கு இணையாக ஒரு காக்கை அடியுங்கள். சரியான வேகமுள்ள காக் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மி.மீ. முன்னால் விழ வேண்டும் என்பது விதி. டபுள்ஸ் சர்வீஸின் பின்கோடு 760 மி.மீ.யில் இருப்பதால், அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னே பின்னே விழுந்தால் காக் சரி. இதை உங்கள் கோர்ட்டில் நன்றாக ஆடும் ஒருவரை அடிக்கச் சொல்லுங்கள்.

அவர் அடித்தும் குறைந்தால் காக்கை மாற்றுங்கள், பேட்டைத் தொடாதீர்கள். நைலான் காக்கில் தலைப்பட்டையின் நிறம்தான் வேகம். யோனெக்ஸ் மேவிஸில் பச்சை மெதுவானது, 22 முதல் 33 டிகிரிக்கு. நீலம் 12 முதல் 23 டிகிரிக்கு. சிவப்பு அதற்கும் கீழான குளிருக்கு. நம் ஊர் வெயிலுக்குப் பச்சைதான் பொருந்தும். ஏசி ஹாலில் அதே பச்சை சற்று முன்னாலேயே விழும். இறகு காக்கில் 76, 77, 78 என்று எண் இருக்கும். எண் கூடினால் வேகம் கூடும். பாவாடை நசுங்கிய நைலான் காக், இறகு விரிந்த காக் இரண்டையும் வைத்துக்கொண்டு பேட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

### உங்களுக்கு மட்டும் குறைகிறது

டென்ஷனைப் பாருங்கள். "ப்ரோ மாதிரி 28 போடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. டென்ஷன் ஏற ஏற ஸ்ட்ரிங் காக்கைத் தள்ளிவிடுவது குறையும், நடுவில் நன்றாக அடிபடும் பரப்பும் சுருங்கும். வேகமாகக் கை வீசுபவருக்கு அது கட்டுப்பாடு, மற்றவருக்கு அது வெறும் பலகை. ஆடத் தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவருக்கு 20 முதல் 23 பவுண்டு போதும். வாரம் நாலு நாள் ஆடி, டாஸ் நிதானமாகப் பின்கோட்டில் விழுகிறவருக்கு 24 முதல் 26. அதற்கு மேலே போக வேண்டுமா என்பதை உங்கள் கோச் சொல்லட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆறு மாதமாக மாற்றாத ஸ்ட்ரிங் தொய்ந்து, உயிரில்லாமல் இருக்கும். உள்ளங்கையால் தட்டினால் "டங்" என்பதற்குப் பதில் "தொப்" என்று கேட்கும். விரலால் நகர்த்தினால் ஸ்ட்ரிங் இடம் மாறி அப்படியே நின்றுவிடும். முன்பு போட்ட அதே டென்ஷனில் புது கட்டிங் போட்டாலே பழைய அடி திரும்பிவிடும்.

ஸ்ட்ரிங் புதிது, டென்ஷன் அளவு, ஆனாலும் போகவில்லையா? ஷாஃப்ட் மிக ஸ்டிஃப்பாக இருக்கலாம். ஸ்டிஃப் ஷாஃப்ட் வேகமான கைக்குத்தான் வளைந்து நிமிரும். மெதுவான கைக்கு அது வளையவே வளையாது. நண்பரின் ஃபிளெக்ஸிபிள் அல்லது மீடியம் பேட்டில், ஏறக்குறைய அதே டென்ஷனில், பத்து டாஸ் அடித்துப் பாருங்கள். கணிசமாகத் தூரம் கூடினால் காரணம் ஷாஃப்ட்தான். இதைச் சரிசெய்ய வழி கிடையாது, பேட்டை மாற்றத்தான் வேண்டும்.

### எப்போது கோச்சிடம் போவது

இரண்டு பேட்டிலும் தூரம் ஒன்றுபோலவே குறைந்தால் போங்கள். காக்கை உடலுக்குப் பின்னால் எடுப்பது, உடம்பைத் திருப்பாமல் நேராக நின்று அடிப்பது, கட்டைவிரலைக் கைப்பிடியில் நீட்டி வைத்துக்கொண்டு ஃபோர்ஹேண்ட் அடிப்பது: இந்த மூன்றும் எந்த பேட்டாலும் தீராது. ஒரு மாதக் கோச்சிங் கட்டணம் ஒரு நல்ல பேட்டின் விலையைவிடக் குறைவு.

## அறிகுறி: டாஸ் போகிறது, ஸ்மாஷில் மட்டும் பலம் இல்லை

இங்கேதான் அதிகக் காசு வீணாகிறது. "ஸ்மாஷ் வேணும்னா ஹெட் ஹெவி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2023 ஏப்ரலில் ஜப்பானின் சோகா நகரில் இந்திய டபுள்ஸ் வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்த ஸ்மாஷ் கின்னஸ் சாதனையானது. அவர் கையில் இருந்தது யோனெக்ஸின் நானோஃபிளேர் 1000 இசட். கனத்த தலைக்கென்று விற்கும் அஸ்ட்ராக்ஸ் வரிசை அல்ல, வேகத்துக்கென்று விற்கும் வரிசை. ஹெட் ஹெவி உதவாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்மாஷ் முதலில் பேட் தலையின் வேகத்திலிருந்து வருகிறது, கனம் அதற்கு அப்புறம்தான்.

வரிசையாகப் பாருங்கள். அடிக்கும் சத்தம் எப்படி? சரியாகப் பட்ட ஸ்மாஷ் வெடிக்கும். மந்தமாகக் கேட்டால் காக் ஸ்ட்ரிங்கின் நடுவில் படவில்லை. புது ஸ்ட்ரிங்கில் காக் படும் இடத்தில் சில நாளில் அடையாளம் விழுந்துவிடும். அது நடுவுக்குக் கீழே, ஷாஃப்ட் ஃபிரேமோடு சேரும் டி-ஜாயின்ட் பக்கம் இருந்தால் காக்கைத் தாழவிட்டு அடிக்கிறீர்கள். இன்னும் மேலே, இன்னும் முன்னால் எடுங்கள்.

அடுத்து ஸ்ட்ரிங். 0.70 மி.மீ. தடிமனுள்ள பிஜி65 உழைக்கும், ஆனால் துள்ளல் குறைவு. 0.68 பிஜி80, 0.65 பிஜி66 அல்டிமேக்ஸ் என்று மெலிய மெலியத் துள்ளலும் சத்தமும் கூடும், ஆயுள் குறையும். ஒரு முறை மெல்லிய ஸ்ட்ரிங் போட்டுப் பார்ப்பது, பேட் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

அதற்கு அடுத்தது பேலன்ஸைக் கொஞ்சம் தலைப்பக்கம் நகர்த்துவது. ஓவர்கிரிப்பை இரண்டு அடுக்காகச் சுற்றியிருக்கிறீர்களா? ஒன்றைக் கழற்றுங்கள், 10 மி.மீ. வரை தலைப்பக்கம் ஏறும். போதாவிட்டால் ஃபிரேமின் உச்சியில் ஒரு கிராம் ஈய டேப் ஒட்டுங்கள், மேலும் நாலு மி.மீ. வரை ஏறும். ஒரு வாரம் அப்படியே ஆடுங்கள். ஸ்மாஷ் மேம்பட்டு, தடுப்பாட்டம் கெடாமல் இருந்தால் உங்களுக்கு ஹெட் ஹெவி ஒத்துவரும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த பேட்டை நம்பி வாங்கலாம். மூன்றாவது கேமில் தோள் இழுத்தால் டேப்பைப் பிய்த்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையை யாருமே செய்வதில்லை. தயவுசெய்து நீங்கள் செய்யுங்கள்.

## அறிகுறி: டபுள்ஸில் பேட் தாமதமாக வருகிறது

வேகமான டிரைவில் (நெட்டுக்குச் சற்று மேலே தட்டையாகப் பறக்கும் அடி), உடம்புக்கு அடிக்கும் ஸ்மாஷில், பேட் வந்து சேர்வதற்குள் காக் தாண்டிவிடுகிறது.

பேட் எங்கே நிற்கிறது? ஒவ்வொரு அடிக்கும் பிறகு பேட் இடுப்புக்குக் கீழே தொங்கினால் எடை எதுவானாலும் தாமதம்தான். பார்ட்னரை மொபைலில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிடி இறுக்கமா? கைப்பிடியை எப்போதும் நெரித்துப் பிடிப்பவருக்கு ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு விரல் மாறவே நேரம் போகும். கைப்பிடி தடிமனாக இருப்பதும் ஒரு காரணம். பழைய கிரிப் மேல் ஓவர்கிரிப், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கியிருந்தால் எல்லாவற்றையும் உரித்துவிட்டு மரக்கைப்பிடியின் மேல் ஒன்றை மட்டும் சுற்றுங்கள். இதனால் பேலன்ஸ் தலைப்பக்கம் நகரும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

பேலன்ஸ் 305க்கு மேலா? ஓர் ஓவர்கிரிப் கூடுதலாகச் சுற்றினால் குறையும். கைப்பிடி தடிமனாகிவிடும் என்றால், கைப்பிடியின் அடிப்பாகத்தில் மட்டும் இரண்டு கிராம் ஈய டேப் ஒட்டி அதன் மேல் சுற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தாமதமா? அப்படியானால் பேட்தான். 3யூ ஹெட் ஹெவியில் டபுள்ஸ் முன்கோர்ட் ஆடுகிறவருக்கு 4யூ ஈவன் அல்லது ஹெட் லைட் கொடுத்தால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். எடை, பேலன்ஸ் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் நான் பேலன்ஸையே மாற்றச் சொல்வேன். 5யூவுக்கு ஒரேயடியாகத் தாவினால், எதிராளியின் பலமான ஸ்மாஷைத் தடுக்கும்போது பேட் கையில் ஆட்டம் காணும்.

## அறிகுறி: நெட்டில் காக் எகிறுகிறது, டிராப் நீளமாகப் போகிறது

டிராப் என்பது நெட்டைத் தாண்டியதும் பக்கத்திலேயே விழும்படி மெதுவாக அடிப்பது. அது நீளமாகப் போவது சிறிய குறைதான், பெரும்பாலும் ஒரே காரணம்: ஸ்ட்ரிங் தொய்வு. கட்டிங் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள். புது ஸ்ட்ரிங்கில் முன்பைவிட ஒரு பவுண்டு மட்டும் கூட்டிப் போடுங்கள். ஒரேயடியாக மூன்று, நாலு ஏற்றாதீர்கள். நெட்டை ஒட்டி காக்கைச் சுழலவிடும் டிரிப்பிளில் காக் சுழலவில்லை என்றால் ஸ்ட்ரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும், அதற்கும் புது கட்டிங்தான். ஸ்ட்ரிங் புதிதாக இருந்தும் எகிறினால் நெட்டில் கையை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். விரலைத் தளர்த்திப் பத்து நிமிடம் தனியாகப் பழகுங்கள். இந்தக் குறைக்காக யாரும் பேட் வாங்க வேண்டாம்.

## அறிகுறி: கை வலிக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "ஆடிக்கிட்டே இருந்தா சரியாகிடும்" என்று ஆடி, மாதக்கணக்கில் கோர்ட்டை விட்டு விலகியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

### முழங்கையின் வெளிப்பக்கம்

நாற்காலிச் சோதனை செய்யுங்கள். கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, லேசான பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளி எலும்பில் சுரீர் என்றால் அது டென்னிஸ் எல்போவின் அடையாளம். டென்னிஸைத் தொடாதவர்களுக்கும் வரும். அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்துங்கள்.

வலி அடங்கிய பிறகு பேட்டில் பார்க்க வேண்டியவை: முதலில் கிரிப். கைப்பிடி மெல்லியதாக இருந்து அதை நெரித்துப் பிடித்தால் வலி முழங்கைக்கு ஏறும். சுற்றிப் பிடிக்கும்போது விரல்நுனி உள்ளங்கையில் குத்தினால் மெலிவு, ஓர் ஓவர்கிரிப் கூட்டுங்கள். வியர்வையில் வழுக்குவதால் நெரிக்கிறீர்களா? ஓவர்கிரிப்பை மாற்றுங்கள். அடுத்து டென்ஷன்: இரண்டு, மூன்று பவுண்டு இறக்குங்கள். இதில் கௌரவம் பார்க்க எதுவும் இல்லை. கடைசியாகத்தான் ஷாஃப்ட்: எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் வைத்திருந்தால் மீடியத்துக்கு வாருங்கள்.

### தோள்

ஹெட் ஹெவி பேட் வாங்கிய சில வாரத்தில் தொடங்கிய வலி என்றால் காரணம் கையிலேயே இருக்கிறது. பழைய பேட்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். பேட் மாறாமல் வலி வந்தால், வந்ததும் வராததுமாக ஸ்மாஷ் அடிக்கத் தொடங்குகிறீர்களா என்று யோசியுங்கள். காலை ஐந்தரை மணி ஸ்லாட்டில் தூக்கக் கலக்கத்தோடு வந்து நேராக மேட்ச் ஆடுபவர்களுக்குத்தான் இது அதிகம். பத்து நிமிடம் கை, தோள் சுழற்றி, மெதுவான டாஸில் தொடங்குங்கள்.

### எப்போது டாக்டரிடம் போவது

ஆடாத நேரத்திலும் வலித்தால், தண்ணீர் சொம்பைத் தூக்கவே கை தயங்கினால், விரல் மரத்தால், வீக்கம் இருந்தால், தோளுக்கு மேலே கை தூக்க முடியாவிட்டால், ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் ஆர்த்தோ டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கட்டிங் போடுகிற நானோ, கோர்ட்டில் கூட ஆடும் நண்பரோ சொல்லும் வைத்தியம் இதற்கு வேண்டாம்.

## அறிகுறி: ஸ்ட்ரிங் அடிக்கடி அறுகிறது

அறுந்த பேட்டை அப்படியே பையில் போட்டு வைக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் ஃபிரேமின் ஒரு பக்கம் மட்டும் இழுபடும். டென்ஷன் அதிகமுள்ள பேட்டில் ஃபிரேம் கோணிப்போகும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக எல்லா ஸ்ட்ரிங்கையும் அப்போதே வெட்டிவிடுங்கள். ஆனால் எந்த இடத்தில் அறுந்தது என்று வெட்டும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காரணத்தை அதுதான் சொல்லும்.

### நடுவில் அறுந்தது

தேய்மானம், குறை இல்லை. குறுக்கும் நெடுக்கும் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்து அறுந்திருக்கும். சீக்கிரம் அறுகிறது என்றால் ஒரு படி தடித்த ஸ்ட்ரிங் போடுங்கள். மெல்லிய 0.63, 0.61 ஸ்ட்ரிங்குகள் நன்றாக அடிக்கும். ஆனால் வாரம் ஐந்து நாள் ஸ்மாஷ் அடிப்பவர் அவற்றைப் போட்டுவிட்டு ஆயுளைப் பற்றிக் கவலைப்படக் கூடாது.

### உச்சியில், ஃபிரேமை ஒட்டி அறுந்தது

காக் ஃபிரேம் ஓரத்தில் படுகிறது. அடிக்கும் நேரம் தவறுகிறது என்று அர்த்தம். டென்ஷன் கூடுதலாக இருந்தால் இந்த இடத்தில் இன்னும் எளிதாக அறுகும். இரண்டு பவுண்டு இறக்கி, தடித்த ஸ்ட்ரிங் போட்டு, டைமிங்கைக் கோச்சிடம் காட்டுங்கள்.

### குரோமெட்டில் அறுந்தது

ஸ்ட்ரிங் ஃபிரேமுக்குள் நுழையும் ஓட்டையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழல்தான் குரோமெட். அது உடைந்திருந்தால் ஃபிரேமின் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுக்கும். விலை மிகக் குறைவு, கட்டிங் போடும்போதே மாற்றச் சொல்லுங்கள். குரோமெட் நன்றாக இருந்தும் போட்ட இரண்டாம் நாளே ஓரத்தில் அறுந்தால் கட்டிங்கிலேயே கோளாறு: கிளாம்ப் கடித்திருக்கலாம், முடிச்சு போடும்போது ஸ்ட்ரிங் நசுங்கியிருக்கலாம். கட்டிங் போடுபவரை மாற்றிப் பாருங்கள். ஃபிரேமை நாலைந்து இடத்திலாவது தாங்கிப் பிடிக்கும் மெஷினில், டென்ஷனை உங்களிடம் கேட்டுப் போடுபவராக இருக்கட்டும். சரியாகச் செய்பவர் குறுக்கு ஸ்ட்ரிங்கை நெடுக்கு ஸ்ட்ரிங்கைவிட ஓரிரு பவுண்டு கூட்டிப் போடுவார், அப்போதுதான் ஃபிரேமின் வடிவம் குலையாது.

## அறிகுறி: பேட்டில் வேறு சத்தம், விரிசல் மாதிரி தெரிகிறது

ஆட்டினால் கலகல என்கிறது. உள்ளே பசைத்துணுக்கு உதிர்ந்து உருள்கிறது. ஃபிரேமுக்குள் மட்டும் கேட்டால் ஆபத்தில்லை, ஆடலாம்.

அடிக்கும்போது கிர்ர் என்கிறது. தளர்ந்த குரோமெட்டாக இருக்கும், அல்லது கோன் கழன்றிருக்கும். ஒரு கையில் ஃபிரேம், மறு கையில் கைப்பிடி பிடித்து மெதுவாக முறுக்குங்கள். கைப்பிடிக்குள் ஷாஃப்ட் திரும்பினால் கட்டிங் போடுபவரிடம் கொடுங்கள், ஒட்டித் தருவார். அப்படியே ஆடாதீர்கள், ஸ்மாஷ் அடிக்கும்போது கழன்று போனால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து.

கோடு தெரிகிறது. டபுள்ஸில் பேட்டும் பேட்டும் மோதிய பிறகு கட்டாயம் பார்க்க வேண்டியது இது. நகத்தை அந்தக் கோட்டின் மேல் ஓட்டுங்கள். மேலே உள்ள பெயின்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் நகம் படியில் இறங்குவது போல ஒரு பக்கம் மட்டும் தட்டும். விரிசல் என்றால் இரண்டு திசையிலும் சிக்கும், ஃபிரேமை லேசாக அமுக்கினால் கோடு திறக்கும். கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி முள் நிற்கும் இடங்களில்தான் இது அதிகம் வருகிறது. விரிசல் உறுதியானால் ஸ்ட்ரிங்கை உடனே வெட்டுங்கள். கார்பன் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் எடை கூடும், பழைய டென்ஷனைத் தாங்கும் என்று நம்ப முடியாது. 20 பவுண்டுக்குள் போட்டு பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மேட்சுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

## அறிகுறி: பேட் கையில் சுழல்கிறது, வழுக்குகிறது

ஓவர்கிரிப் பழசு. நூறு ரூபாய்க்குள், அல்லது சற்று மேலே முடியும். வியர்வை அதிகமுள்ளவர்கள், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில் ஆடுபவர்கள், டவல் கிரிப் போட்டு பவுடர் தூவிப் பாருங்கள்; அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். கிரிப் புதிதாக இருந்தும் சுழன்றால், அடுக்கடுக்காகச் சுற்றிக் கைப்பிடியின் எட்டு முகமும் மழுங்கி உருளையாகியிருக்கும். எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து சுற்றுங்கள்.

## எல்லாம் பார்த்தாகிவிட்டது, பேட்தான் மாற்ற வேண்டும்

இப்போது உங்களிடம் நாலு தகவல் இருக்கின்றன: பழைய பேட்டின் எடை, பேலன்ஸ், ஷாஃப்ட், எந்தக் குறை தீரவில்லை என்பது. கடைக்காரரிடம் "நல்ல பேட் காட்டுங்க" என்று கேட்காமல் இதைச் சொல்லுங்கள்.

ஆடத் தொடங்கியவர், அலுவலகம் முடிந்து வாரம் இரண்டு நாள் ஆடுபவர், நாற்பதைத் தாண்டித் திரும்ப வந்தவர்: 4யூ, ஈவன் பேலன்ஸ், மீடியம் அல்லது ஃபிளெக்ஸிபிள் ஷாஃப்ட், முழு கார்பன். இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. பெரிய வீரர் பெயர் போட்ட உச்ச ரக பேட்கள் பெரும்பாலும் ஸ்டிஃப். உங்கள் கைக்கு அவை மலிவான மீடியம் பேட்டைவிட மோசமாக ஆடும்.

டபுள்ஸில் முன்கோர்ட்டும் தடுப்பும் உங்கள் வேலை என்றால் ஹெட் லைட் அல்லது ஈவன். யோனெக்ஸின் நானோஃபிளேர், விக்டரின் ஆராஸ்பீட் வரிசைகள் இந்தப் பக்கம். பின்கோர்ட்டில் நின்று ஸ்மாஷ் அடிப்பவருக்கு அஸ்ட்ராக்ஸ், விக்டரின் த்ரஸ்டர், லீ-நிங்கின் ஆக்ஸ்ஃபோர்ஸ். ஒரே வரிசைக்குள்ளும் பிரிவு உண்டு: அஸ்ட்ராக்ஸ் 88டி டபுள்ஸ் பின்கோர்ட்டுக்கு, 88எஸ் முன்கோர்ட்டுக்கு. பார்ட்னரோடு இடம் மாறி மாறி ஆடுபவரும், சிங்கிள்ஸில் டிராப், டாஸ் என்று இடம் பார்த்து ஆடுபவரும் ஆர்க்சேபர் போன்ற ஈவன் வரிசையில் தொடங்கலாம். ஈய டேப் சோதனையில் தலை கனம் பிடித்திருந்தால் மட்டும் ஹெட் ஹெவிக்குப் போங்கள்.

பழைய பேட்டிலிருந்து ஒரு குணத்தை மட்டும் மாற்றுங்கள். ஹெட் லைட் ஃபிளெக்ஸிபிளிலிருந்து ஹெட் ஹெவி ஸ்டிஃபுக்கு ஒரே தாவலாகத் தாவியவர்கள்தான் தோள் வலியோடு வருகிறார்கள்.

வாங்கும் முன் அதே மாடலை யாரிடமாவது கேட்டு ஒரு முழு மேட்ச் ஆடுங்கள். கடையில் காற்றில் வீசிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. விலை மற்ற இடங்களைவிடப் பாதியாக இருந்தால் போலியாக இருக்கலாம். ஸ்ட்ரிங் இல்லாத பேட்டை டிஜிட்டல் தராசில் வைத்து, எடை அச்சிட்ட வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். கோனிலும் ஷாஃப்டிலும் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்ட்ரிங் போட்டே வந்த பேட் என்றால் அதன் டென்ஷன் பெரும்பாலும் குறைவாக இருக்கும். தொடக்கக்காரர் அது தொய்யும் வரை ஆடலாம். மற்றவர்கள் பழைய பேட்டில் எந்த ஸ்ட்ரிங், எந்த டென்ஷன் பழகியதோ அதையே புதியதிலும் போடுங்கள். போட்ட தேதியையும் பவுண்டையும் சின்ன ஸ்டிக்கரில் எழுதி கோனில் ஒட்டி வைத்துவிடுங்கள்.